வீட்டுக்கு ஜெனரேட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. இரண்டு முறையும் வீடுகளில் முதலில் தீர்ந்தது தண்ணீர்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு இரவு ஓட்டிவிடலாம். மொட்டைமாடித் தொட்டி காலியான வீட்டில் அரை நாள்கூட இருக்க முடியாது. அதனால் வீட்டு ஜெனரேட்டரைப் பற்றிய எந்தக் கணக்கும் மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இன்வெர்ட்டர் இருக்கிறது. ஜெனரேட்டரும் வேண்டுமா?

தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கரண்ட் போவதுதான் உங்கள் தொல்லை என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 300 வாட் லோடை (மூன்று மின்விசிறி, சில எல்இடி விளக்கு, ஒரு ரூட்டர்) ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். புகையும் சத்தமும் கிடையாது.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்தடை நீடிக்கும் இடம், தண்ணீருக்குப் போர்வெல்லை மட்டுமே நம்பியிருக்கும் வீடு, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கும் நோயாளி உள்ள வீடு: இவர்களுக்கு ஜெனரேட்டர் தேவை. அப்போதும் இன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். இரவு இன்வெர்ட்டர், காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் என்று பிரித்துக்கொண்டால் எரிபொருள் பாதியாகக் குறையும், அக்கம்பக்கத்தாரும் தூங்குவார்கள். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: 15 ஆம்பியரில் ஏறும் அந்த 150 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் நிரம்பும். முழுக்க நிரம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்குவது?

எல்லாப் பொருளின் வாட்டையும் கூட்டி வரும் எண்ணை வைத்து வாங்குவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. மோட்டாரும் பழைய வகை ஃபிரிட்ஜும் ஏசியும் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் ஓடும்போது 7 முதல் 9 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது 25 ஆம்பியரைத் தாண்டும். ஜெனரேட்டர் அந்த ஒரு நொடியைத் தாங்கவில்லை என்றால் வோல்டேஜ் சரியும். வோல்டேஜ் சரிந்தால் மோட்டார் கிளம்பாமல் முனகும். முனகும் மோட்டாரின் காயில் சில நிமிடங்களில் சூடேறிக் கருகும். "ஜெனரேட்டர் போட்டு மோட்டார் போச்சு" என்று ஊரில் கேட்கும் புகாரில் பெரும்பகுதி இதுதான்.

சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டாருக்குப் பாதுகாப்பான அளவு: 1 எச்பிக்கு 5 கேவிஏ, 1.5 எச்பிக்கு 7.5 கேவிஏ, 2 எச்பிக்கு 10 கேவிஏ. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் அரை எச்பி மோனோபிளாக் என்றால் 3 கேவிஏ போதும்.

மற்ற லோடுகள்: சாதாரண மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி மின்விசிறி சுமார் 30 வாட், எல்இடி பல்பு 9 வாட், ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட், ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் 1500 முதல் 1800 வாட். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஜெனரேட்டர் லைனில் சேர்க்கவே வேண்டாம்.

உதாரணத்துக்கு, 1 எச்பி போர்வெல், ஒரு ஃபிரிட்ஜ், ஐந்து மின்விசிறி, பத்து விளக்கு, ஒரு டிவி உள்ள வீடு. எல்லாம் சேர்ந்து ஓடினால் 2 கிலோவாட்டைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் வாங்க வேண்டியது 5 கேவிஏ, மோட்டாருக்காக. 1000 லிட்டர் தொட்டி நிரம்பும்வரை மற்ற எல்லாவற்றையும் அணைத்து மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு மின்விசிறி. இந்த ஒழுங்கை வீட்டில் எல்லாரும் பழகிக்கொண்டால் ஒரு சைஸ் பெரிய செட்டுக்குச் செலவழிக்க வேண்டியிராது.

கேவிஏ என்பது வேறு, கிலோவாட் வேறு. 0.8 பவர் ஃபேக்டரில் 5 கேவிஏ என்பது 4 கிலோவாட்தான். சின்ன பெட்ரோல் செட்டுகளில் "அதிகபட்சம்" என்று ஒரு எண்ணும் "ரேட்டட்" என்று ஒரு எண்ணும் இருக்கும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது முதல் எண். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது இரண்டாவது.

ஜெனரேட்டரில் மோட்டாரை ஓட்டும்போது வேறென்ன கவனிக்க வேண்டும்?

ஜெனரேட்டரைக் கிளப்பி ஓரிரு நிமிடம் ஓடி நிதானப்பட்ட பிறகே மோட்டார் சுவிட்சைப் போடுங்கள். நிறுத்தும்போது மோட்டார் முதலில், ஜெனரேட்டர் பிறகு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் தீர்ந்து செட் தானாக நின்றால், வேகமும் வோல்டேஜும் மெல்ல மெல்லச் சரிந்து சப்மெர்சிபிளின் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடிபடும். போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே தூக்கும் கூலியை நினைத்தால், டேங்கைப் பார்த்து நிரப்பிவிட்டு ஓட்டுவது பெரிய வேலை அல்ல.

பெட்ரோலா, டீசலா?

வருடத்தில் சில நாள் மட்டும், 5 கேவிஏக்குள் என்றால் பெட்ரோல். எடை குறைவு, இடம் குறைவு, வாங்கும் விலையும் குறைவு. வாரத்தில் பல மணி நேரம் ஓடும் என்றாலோ, 7.5 கேவிஏக்கு மேல் என்றாலோ டீசல். பெட்ரோல் செட் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும். 1500 சுற்றில் ஓடும் டீசல் இன்ஜின் சத்தத்திலும் ஆயுளிலும் மேல்.

டீசலுக்கு ஒரு குணம் உண்டு: சும்மா ஓட்டினால் கெடும். திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் இன்ஜின் போதிய சூடேறாது, டீசல் முழுசாக எரியாது, புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் வழியும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 15 கேவிஏ வாங்கி நான்கு மின்விசிறி ஓட்டும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். பெரியது வாங்குவது பாதுகாப்பு அல்ல.

சின்ன டீசல் செட் ஒரு யூனிட்டுக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் குடிக்கும். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 32 முதல் 37 ரூபாய். சமையல் சிலிண்டரில் ஓட்ட கிட் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டு உபயோக சிலிண்டரைச் சமையல் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

எங்கே வைப்பது?

வீட்டுக்குள் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் வேண்டாம், பால்கனியில் வேண்டாம், ஷட்டரைப் பாதி திறந்துவைத்த கார் நிறுத்தத்திலும் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. மழைக்குப் பயந்து செட்டை உள்ளே இழுத்துவைத்துக் கதவைச் சாத்தும் அந்த ஒரு இரவு ஒரு குடும்பத்தையே கொண்டுபோய்விடும்.

கையில் தூக்கும் பெட்ரோல் செட்டைக் கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். மேலே நான்கு கம்பு நட்டுத் தகரக் கூரை போடலாம், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

சத்தத்தை அடக்கும் கூண்டு போட்ட டீசல் செட்டுக்கு 6 அங்குல கான்கிரீட் மேடை, அதற்கும் மேல் உங்கள் தெருவில் இதுவரை தண்ணீர் நின்ற உயரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைமட்டத்தில் இருந்த செட்டுகள் தேவைப்பட்ட நாளிலேயே மூழ்கின. சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரிலிருந்து குறைந்தது 4 அடி இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அதே சூடு திரும்ப உள்ளே போய், பத்து நிமிடத்தில் ஹை டெம்பரேச்சர் காட்டி நின்றுவிடும். புகைக்குழாயைக் கட்டட உச்சிக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு: கட்டட உயரத்துடன், கேவிஏயின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீட்டர் கூடுதல். 25 கேவிஏ செட்டுக்கு அது சரியாக 1 மீட்டர்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டை ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்ச்) கட்டாயமா? பிளக் பாயின்டில் செருகினால் வேலை செய்கிறதே?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய ஒயரை ஜெனரேட்டரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் செருகினால் வீடு முழுக்க கரண்ட் வரும். மெயினை அணைக்க மறந்தால் அதே கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்துக்கும் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டு வோல்டேஜாக இறக்குகிறது. பின்பக்கமிருந்து 230 வோல்ட் கொடுத்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும். புயல் முடிந்த மறுநாள், லைனை அணைத்தாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கையில் அந்தக் கம்பி இருக்கும். "மெயினை நான் மறக்கவே மாட்டேன்" என்பது பதில் ஆகாது, ஏனென்றால் அன்று வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதில்லை.

சேஞ்ச்ஓவரின் கைப்பிடிக்கு மூன்று நிலை: ஈபி, நடுவில் ஆஃப், ஜெனரேட்டர். இரண்டும் ஒரே சமயத்தில் சேரவே முடியாது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு போல் (இரண்டு ஒயரை ஒன்றாக மாற்றும்) சுவிட்ச், த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு நான்கு போல் சுவிட்ச் வாங்குங்கள். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் போல். 5 கேவிஏ செட் 22 ஆம்பியர் தரும். ஆனால் ஈபி பக்கத்து முழு லோடும் அதே சுவிட்ச் வழியாகப் போவதால் வீட்டு மெயினுக்குச் சமமான அளவு, பெரும்பாலும் 40 அல்லது 63 ஆம்பியர் வேண்டும். மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் அடுத்து, டிபி பெட்டிக்கு (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) முன்னால் இது உட்கார வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் அதன் திறனுக்கேற்ற எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) தனியாக: 5 கேவிஏக்கு 20 ஆம்பியர்.

நான்கு போல் சுவிட்சில் நியூட்ரல் முனை லூசானால் வீட்டில் ஒரு ஃபேஸில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போகும். ஒயர் நுனியில் லக்ஸ் (உலோக முனை) அடித்து முறுக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரண்டை முழுவதும் துண்டித்துவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன். சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர் போடலாமா?

போடலாம், மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்றால். நான்கு போல் சேஞ்ச்ஓவரின் ஜெனரேட்டர் பக்கத்தில் மட்டும் மூன்று ஃபேஸ் முனைகளையும் லூப் போட்டு இணைப்பார்கள். அப்போது மூன்று லைனின் கரண்டும் ஒரே நியூட்ரலில் கூடித் திரும்பும். த்ரீ ஃபேஸில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டது இங்கே கூடும். ஆகவே நியூட்ரல் ஒயர் ஜெனரேட்டரின் முழு ஆம்பியரையும் தாங்கும் தடிமன் உள்ளதா என்று பாருங்கள்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தால் த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர்தான். பொருத்திய அன்றே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சோதியுங்கள். ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் சப்மெர்சிபிள் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் மிகக் குறைவாக வரும். ஜெனரேட்டர் பக்கம் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரியாகும். ஈபி பக்கம் கை வைக்காதீர்கள்.

எர்த் எப்படிப் போடுவது? டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறதே?

ஜெனரேட்டர் பாடிக்கு இரண்டு தனி எர்த் போடுங்கள். இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய் அல்லது 3 மீட்டர் தாமிரப் பூச்சுக் கம்பி, ஒன்றுக்கொன்று அதே அளவாவது தள்ளி.

டெஸ்டர் இரண்டு பக்கமும் மங்கலாக எரிந்தால் உங்கள் செட்டின் நியூட்ரல் மிதக்கிறது, அதாவது எர்த்தோடு இணைக்கப்படவில்லை. இந்த நிலையில் உங்கள் டிபி பெட்டியில் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஜெனரேட்டர் ஓடும்போது காவல் காக்காது. மின்கசிவு கரண்ட் திரும்பி ஓட வழியில்லாததால் அது டிரிப் ஆகாது. நிலையாகப் பொருத்தி, நியூட்ரலும் மாறும் சேஞ்ச்ஓவர் போட்ட செட்டில் நியூட்ரலை ஜெனரேட்டர் அருகிலேயே, ஒரே இடத்தில், எர்த்தோடு இணைக்க வேண்டும். வீட்டு டிபி பெட்டியில் இன்னொரு முறை இணைத்தால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும். டிஜிட்டல் இன்வெர்ட்டர் வகை பெட்ரோல் செட்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பு அனுமதி இல்லை, கையேட்டைப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

இணைத்த பிறகு ஜெனரேட்டர் ஓடும்போதே ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பட்டன் சுவிட்சின் இயக்கத்தை மட்டும் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. அதை எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும்.

எந்த அளவு கேபிள்?

5 கேவிஏ சிங்கிள் ஃபேஸ், 30 மீட்டர் வரை: 4 சதுர மில்லிமீட்டர் தாமிரம். 10 கேவிஏ சிங்கிள் ஃபேஸ்: 10, தூரம் அதிகமானால் 16. 10 கேவிஏ த்ரீ ஃபேஸ்: ஃபேஸுக்கு 14 ஆம்பியர்தான், 4 போதும். மண்ணில் புதைத்தால் ஆர்மர்டு (உலோகக் கவசம் உள்ள) கேபிள்.

மாடியில் சோலார் இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்து ஓடும்) சோலார் இன்வெர்ட்டர், ஈபி போனதும் தானே அணைந்துவிடும். ஆனால் ஜெனரேட்டர் கரண்டைப் பார்த்து ஈபி வந்துவிட்டது என்று அது நினைத்தால், கிளம்பி உற்பத்தியை ஜெனரேட்டருக்குள் தள்ளும். வீட்டு லோடு குறைவாக இருக்கும் மதிய நேரத்தில் வோல்டேஜ் ஏறிப் பொருட்களும் ஆல்டர்னேட்டரும் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) பாழாகும். சோலார் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு ஈபி பக்கத்திலேயே இருக்க வேண்டும், லோடு பக்கத்தில் அல்ல. டிபி பெட்டியில் சோலாரைச் சேர்த்திருக்கும் வீடுகளில் முதலில் அதை மாற்றிய பிறகே ஜெனரேட்டரைத் தொடுங்கள்.

ஜெனரேட்டர் ஓடுகிறது, இன்வெர்ட்டர் மட்டும் சார்ஜ் ஏற மறுக்கிறது. ஏன்?

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் நிலையில் அது 180 முதல் 260 வோல்ட் வரைதான் ஏற்கும், ஃப்ரீக்வென்சி ஆட்டத்தையும் பொறுக்காது. நார்மலுக்கு மாற்றுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் ஃப்ரீக்வென்சியை அளக்கச் சொல்லுங்கள். லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 49 ஹெர்ட்ஸ் என்ற அளவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்ய வேண்டும்.

தானாகக் கிளம்பும் ஏஎம்எஃப் பேனல் தேவையா?

முதியவர் தனியாக இருக்கும் வீடு, நோயாளி உள்ள வீடு என்றால் தேவை. மற்றவர்களுக்குக் கைப்பிடி சேஞ்ச்ஓவரே போதும், கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. ஏஎம்எஃப் வைத்தால் சப்மெர்சிபிள் ஸ்டார்ட்டர் கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பும்படி இருக்கக் கூடாது. பெட்ரோல் செட்டை, ஆளில்லாத வீட்டில் தானாகக் கிளம்ப விடவே கூடாது.

எரிபொருள் எவ்வளவு சேர்த்து வைக்கலாம்?

1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைக்கலாம், நன்றாக மூடிய உலோக கேன் ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 25 லிட்டர்தான் ஆகும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே வாங்குங்கள், மறுநாள் பங்க்கிலும் கரண்ட் இருக்காது.

இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் டேங்கில் விட்டால் தண்ணீர் பிரிந்து கார்பரேட்டர் ஜெட் (பெட்ரோல் பாயும் சிறு துளை) அடைக்கும். வேலை முடிந்ததும் எரிபொருள் வால்வை மூடி, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை, லோடு எதுவும் இல்லாமல் ஓடவிடுங்கள். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், பதினைந்து நிமிடம் காத்திருங்கள்.

அனுமதி, சத்தம் பற்றி?

டீசல் செட் கூண்டோடு, 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மிகாமல் இருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். 2023 ஜூலை 1 முதல் தயாராகும் செட்டுகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் புகை விதி பொருந்தும். பெயர்ப்பலகையில் பார்த்து வாங்குங்கள். பெரிய செட் என்றால் பணம் கட்டும் முன் மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஊட்டியில் வீடு. அதே கணக்குதானா?

இல்லை. காற்று மெலிந்த இடத்தில் டர்போ இல்லாத இன்ஜின், உயரம் 300 மீட்டர் கூடுவதற்குச் சுமார் மூன்றரை சதவீதம் திறன் இழக்கும். 2240 மீட்டர் உயரத்தில் கால் பங்கு போய்விடும். சமவெளியில் 5 கேவிஏ போதுமென்றால் அங்கே 7 அல்லது 7.5 பாருங்கள். கார்பரேட்டர் செட்டுக்கு மலைக்கான ஜெட் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதம் சும்மா இருந்தது, இப்போது கிளம்பவில்லை. எதைப் பார்ப்பது?

செல்ஃப் ஸ்டார்ட் செட் என்றால் முதலில் பேட்டரி. கிளம்பாத செட்டுகளில் அதிகம் காண்பது செத்த பேட்டரிதான். அடுத்து ஆயில் அளவு: ஆயில் குறைந்தாலோ, செட் சாய்வாக நின்றாலோ ஆயில் சென்சார் கிளம்ப விடாது. அடுத்து பழைய பெட்ரோல், அடைத்த ஜெட். டீசலில் ஃபில்டருக்குள் காற்று புகுந்திருந்தால் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். கூண்டுக்குள் எலி கூடு கட்டி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள், கிராமங்களில் இது அடிக்கடி நடக்கும்.

கிளம்புகிறது, ஆனால் வோல்டேஜ் வரவில்லை என்றால் வேறு கதை. நீண்ட நாள் ஓடாத ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்கும் காந்தசக்தி வடிந்திருக்கும். மெக்கானிக் பேட்டரியிலிருந்து ஒரு நொடி கொடுத்து அதை மீட்பார், நீங்களே செய்ய வேண்டாம்.

இவற்றையெல்லாம் தவிர்க்க மாதம் ஒருமுறை இருபது நிமிடம், பாதி லோடாவது போட்டு ஓட்டுங்கள். மோட்டாரை ஓட்டித் தொட்டி நிரப்பினால் இரண்டு வேலையும் முடியும். பெட்ரோல் செட்டுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை, எது முந்துகிறதோ அது. ஓடிய மணி நேரத்தைச் சேஞ்ச்ஓவர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள்.